வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எழுத்தாளர் ஆகிவிடலாமா?

மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் கையிலும் ஒரே கதையின் பிரதி இருக்கும். சில நாள்களுக்கு முன்பே வாங்கிப் போய்ப் படித்து, ஓரமெல்லாம் கிறுக்கிக் கொண்டுவந்திருப்பார்கள். முதல் பத்தி தேவையே இல்லை என்பார் ஒருவர். அந்த அம்மா பேசுகிற பேச்சு நம்பும்படியாக இல்லை என்பார் இன்னொருவர். முடிவை வேறு ஏதோ கதையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது என்று மூன்றாமவர் போட்டு உடைப்பார். கதையை எழுதியவரும் அதே மேசையில்தான் இருப்பார். ஆனால் அவர் மட்டும் பேசக் கூடாது. 'ஐயோ, நான் சொல்ல வந்தது அது இல்லை' என்று நாக்கு துடித்தாலும் குறிப்பெடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் உலகத்துக்குக் கொடுத்த வகுப்பறை இது. புத்தகம் அச்சாகிவிட்டால், அதை வாங்கியவர் வீட்டுக்கு எழுத்தாளர் பின்னாலேயே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது; ஆகவே இப்போதே பழகிக்கொள் என்பது இந்த மௌனத்துக்குச் சொல்லப்படும் நியாயம். பத்துப் பேர் தன் எழுத்தைப் பிரித்துப் போடுவதை இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பது எளிதல்ல. அந்தக் கஷ்டத்துக்கு ஒரு முதுகலைப் பட்டமும் கிடைக்கும்.

கதை எழுதப் பட்டமா என்று சிரிப்பவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. 'எழுத்தைக் கற்றுத்தர முடியாது, எழுதுகிறவர்களை ஊக்கப்படுத்தத்தான் முடியும்' என்ற கருத்தை அயோவாவின் எழுத்தாளர் பட்டறையே தன் கொள்கையாக அறிவித்திருக்கிறது. கடைக்காரரே பலகையில் 'இங்கே சரக்கு இல்லை' என்று எழுதிவைத்த கதை! ஆனாலும் கூட்டம் குறையவில்லை. புனைகதைக்கு சுமார் 25 இடம், கவிதைக்கு சுமார் 25 இடம். ஆண்டுதோறும் வந்து குவியும் விண்ணப்பங்கள் ஆயிரத்துக்கும் மேல்.

சரக்கு இல்லையென்றால் எதற்காக வருகிறார்கள்? இரண்டு வருடம் வேறு வேலை பார்க்காமல் எழுதலாம். அதற்கு உதவித்தொகையோ, இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் வேலையோ கிடைக்கும். அதற்கும் மேலாக, முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் நாலு வாசகர்கள் கிடைப்பார்கள். ஆகவே, எழுத்தைக் கற்பிக்க முடியுமா என்று காலங்காலமாக நடக்கும் பட்டிமன்றத்தைவிட, இந்த இரண்டு வருடத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள், அந்த மேசையில் யாரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் உருப்படியான வேலை.

குதிரை வியாபாரியின் மகன்

சுற்றிலும் சோள வயல்கள், நடுவில் ஓர் ஆறு, ஒரு பல்கலைக்கழகம். அயோவா சிட்டி அவ்வளவுதான். 1922இல் அங்கே பட்டமேற்படிப்புத் துறைத் தலைவராக இருந்த கார்ல் சீஷோர் ஓர் உளவியலாளர். உயர்பட்டத்துக்கு ஆய்வேடுதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, நாவலோ கவிதைத் தொகுப்போ இசைக்கோவையோ ஓவியமோ கொடுத்தாலும் ஏற்போம் என்று அவர் அறிவித்தார். அன்றைக்கு அது பெரிய துணிச்சல். 1936இல் வில்பர் ஷ்ராம் தலைமையில் எழுத்தாளர் பட்டறை முறையாகத் தொடங்கியது. பிற்பாடு தகவல் தொடர்பியல் என்ற துறைக்கே முன்னோடியாகப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தாரே, அதே ஷ்ராம்தான்.

பட்டறையை நிலைநிறுத்தியவர் பால் எங்கிள். பக்கத்து ஊரான சீடர் ராப்பிட்ஸில், குதிரைகளைப் பழக்கி விற்றுவந்தவருக்கு மகனாகப் பிறந்தவர். பட்டத்துக்கென்று இதே பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த கவிதைகள் 1932இல் யேல் பல்கலைக்கழகத்தின் இளம் கவிஞர் வரிசையில் நூலாக வந்தன. 1941 முதல் 1965 வரை பட்டறை அவர் கையில் இருந்தது. கவிஞராக எங்கிளை இன்று அதிகம் பேர் படிப்பதில்லை. காசு திரட்டுவதில் மனிதர் மகா சமர்த்தர். ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பெனி, துணி துவைக்கும் இயந்திரம் செய்யும் மேடேக் கம்பெனி என்று அந்த வட்டாரத்து முதலாளிகளின் கதவையெல்லாம் தட்டினார். கவிஞர்களுக்குப் பணம் கொடுங்கள் என்று வாஷிங் மெஷின் முதலாளியிடம் போய்க் கேட்டு, வாங்கியும் வந்துவிட்ட மனிதரைத் தமிழ்ப் பதிப்புலகம் பொறாமையோடுதான் பார்க்க முடியும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இன்னொரு கதவு திறந்தது. ஊர் திரும்பிய சிப்பாய்களின் படிப்புச் செலவை 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசே ஏற்றது. வகுப்பறைகள் போதவில்லை. ஆற்றங்கரையில் ராணுவத்துத் தகரக் கொட்டகைகளைப் போட்டுப் பாடம் நடத்தினார்கள். போர்முனையிலிருந்து வந்தவர்கள் நிறைந்த அந்தக் கூட்டத்தில், 1945இல் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். இதழியல் படிக்க வந்தவள். எங்கிளின் அறைக்குள் போய் ஏதோ சொன்னாள். அவளுடைய தென்னாட்டுக் கொச்சை அவருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். தன் பெயரையும், தான் இதழாளர் அல்ல என்பதையும், பட்டறையில் சேர்ந்துகொள்ளலாமா என்ற கேள்வியையும் அவள் எழுதினாள். அந்தப் பெண்தான் ஃப்ளானரி ஓ'கானர்.

வகுப்பில் பின்வரிசையில் உட்காருவார், வாயே திறக்க மாட்டார். மௌன விதி அவரை ஒன்றும் செய்திருக்காது. 1947இல் பட்டம் வாங்கினார். அயோவாவில் தொடங்கிய முதல் நாவல் 1952இல் வெளிவந்தது. பல்கலைக்கழகங்கள் எழுத்தாளர்களின் கழுத்தை நெரித்துவிடுகின்றனவே என்று பிற்காலத்தில் அவரிடம் கேட்டார்கள். தன் கருத்து வேறு, அவை போதுமான பேரின் கழுத்தை நெரிப்பதில்லை என்று பதில் சொன்னார். படைப்பெழுத்துப் படிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓ'கானரின் இந்தக் கிண்டலைத் தொடாமல் போவதில்லை. இந்தக் கட்டுரையும் தப்பவில்லை.

பட்டமில்லாத வாத்தியார்

1965இல் அங்கே பாடம் நடத்த வந்தார் கர்ட் வானகட். கையில் ஒரு பட்டமும் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகம் மானிடவியலில் அவருடைய ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருந்தது. நாவல்களும் அப்போது சரியாகப் போகவில்லை. இரண்டு ஆண்டுகள் அயோவாவில் இருந்தார். டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது போர்க் கைதியாக உள்ளே மாட்டியிருந்தவர், அதைப் பற்றி எழுத முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்த நாவல் அங்கே உருப்பெற்றது. 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' 1969இல் வெளியானது. நாவலாசிரியர் ஜான் இர்விங் அப்போது அவருடைய மாணவர். சிகாகோ பிறகு மனமிரங்கி, வானகட் ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு நாவலையே ஆய்வேடாக எடுத்துக்கொண்டு 1971இல் பட்டம் கொடுத்தது.

பள்ளிப் படிப்பைத் தாண்டாத கரிசல்காட்டு விவசாயி கி. ராஜநாராயணனைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அழைத்து வருகைதரு பேராசிரியராக உட்காரவைத்தது இங்கே நினைவுக்கு வராமல் போகாது. பல்கலைக்கழகங்களுக்கும் எப்போதாவது நல்ல புத்தி வரும்.

எல்லா வாத்தியார்களும் ஒழுங்காகப் பாடம் நடத்தினார்கள் என்று சொல்ல முடியாது. 1973இல் சிறுகதை எழுத்தாளர்கள் ஜான் சீவரும் ரேமண்ட் கார்வரும் ஒரே சமயத்தில் அயோவாவில் ஆசிரியர்கள். இருவரும் குடியின் பிடியில் இருந்த காலம் அது. குடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, தட்டச்சுப் பொறியின் உறையைக்கூட எடுத்ததில்லை என்று கார்வரே பின்னால் ஒப்புக்கொண்டார். காலையில் மதுக்கடை திறக்கும் நேரத்துக்கு இருவரும் சேர்ந்து காரில் போன கதை இலக்கிய வட்டாரத்தில் வேடிக்கையாகச் சொல்லப்படுகிறது. அந்த வருடம் காத்திருந்து இடம் வாங்கிச் சேர்ந்த மாணவர்களுக்கு அது எவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

1987 முதல் 2005 வரை இயக்குநராக இருந்த ஃப்ராங்க் கான்ராய் நேர் எதிர். அர்த்தம், தெளிவு இரண்டும் அடித்தளத்தில் இருக்க வேண்டும், நடை, குறியீடு, தத்துவமெல்லாம் அதற்குப் பிறகு என்று வகுப்புக்கு வகுப்பு அடித்துச் சொன்னவர். அவர் கையில் கதை சிக்கினால் வரி வரியாகப் பிய்ந்துபோகும். இன்று அந்த நாற்காலியில் இருப்பவர் லான் சமந்தா சாங். சீனக் குடியேறிகளின் மகள். 2006இல் பொறுப்பேற்ற அவர்தான் அந்தப் பட்டறையின் முதல் பெண் இயக்குநர், முதல் ஆசிய அமெரிக்க இயக்குநர்.

அயோவாவைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். அமெரிக்காவில் மட்டும் இன்று இத்தகைய படிப்புகள் 200க்கும் மேல். இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் தொடங்கிய படிப்பில் முதலில் சேர்ந்தவர் நாவலாசிரியர் இயன் மெக்யூவன். பத்தாண்டு கழித்து அங்கிருந்து பட்டம் வாங்கிப்போன கசுவோ இஷிகுரோவுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பக்கம், கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதே பாடத்துக்குப் பேராசிரியராக இருந்துகொண்டே, இந்தப் படிப்பெல்லாம் நேர விரயம் என்று 2014இல் ஒரு விழா மேடையில் போட்டு உடைத்தார் ஹனீஃப் குரேஷி. மறுநாள் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

மேசையில் யார்?

1970களின் பிற்பகுதியில் அயோவாவில் படித்தவர் சாண்ட்ரா சிஸ்னரோஸ். சிகாகோவின் ஏழைக் குடியிருப்புகளில், வாடகை வீடு மாற்றி வாடகை வீடு என்று வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண். ஒரு வகுப்பில், பிரெஞ்சுத் தத்துவ ஞானி காஸ்டோன் பாஷ்லார் வீட்டைப் பற்றி எழுதிய நூலை வைத்து விவாதம். மச்சு அறை, நிலவறை, பால்ய நினைவு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். இவருக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அவர்கள் பேசிய வீடு மாதிரி ஒன்றில் இவர் வாழ்ந்ததே இல்லை. வெட்கம் வந்தது, அப்புறம் கோபம் வந்தது. இந்த அறையில் வேறு யாராலும் எழுத முடியாத வீட்டை எழுதுவது என்று முடிவெடுத்தார். 1984இல் வந்த 'மாங்கோ தெருவில் ஒரு வீடு' லட்சக்கணக்கில் விற்று, பள்ளிப் பாடமாகவும் ஆனது. பட்டறை கற்றுத்தந்ததா? கற்றுத்தந்தது. ஆனால் தன் பாடத்திட்டத்தின் வழியாக அல்ல.

மௌன விதிக்கு உள்ளே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே உலகத்து மனிதர்கள் என்பதுதான் அது. ஒரு தமிழ்ப் பெண் அங்கே கதை கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாமனார் உள்ளே வந்ததும் மருமகள் எழுந்து நிற்கிறாள். ஏன் எழுந்தாள், கோபமா, பயமா, வெளியே போகப்போகிறாளா, இதற்கு என்ன குறியீடு என்று அரை மணி நேரம் அலசுவார்கள். எழுதியவள் வாய் திறக்கக் கூடாது. அடுத்த வரைவில் அவள் இரண்டில் ஒன்று செய்வாள். அந்த வரியை வெட்டுவாள். இல்லையென்றால் அதற்கு விளக்கம் எழுதுவாள். இரண்டிலுமே கதை கொஞ்சம் செத்துப்போகும்.

டொமினிகன் குடியரசில் பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஜூனோ டியாஸ், தன் வகுப்பு முழுக்க வெள்ளையர் உலகமாக இருந்தது என்று 2014இல் வெளிப்படையாக எழுதினார். கொரியாவில் பிறந்த மாத்யூ சலசஸ் இதைப் பற்றி 2021இல் ஒரு நூலே போட்டார். எழுதியவரே முதலில் கேள்விகளை வைக்கட்டும், வகுப்பு அதற்குப் பதில் சொல்லட்டும் என்பது போன்ற மாற்று முறைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. கதை நுட்பம் என்று பட்டறைகள் போதிப்பதும் ஒரு குறிப்பிட்ட பண்பாட்டின் எதிர்பார்ப்புகள்தான் என்கிறார் அவர். சரியான பேச்சு. நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் பாதி அயோவா மேசையில் தேறியிருக்காது.

காசு விஷயத்திலும் மூட்டை அவிழ்ந்தது. அயோவாவிலேயே படித்த எரிக் பென்னெட் 2015இல் எழுதிய ஆய்வு நூல், பனிப்போர்க் காலத்தில் எங்கிள் திரட்டிய பணத்தின் தடத்தைத் தேடிப் போனது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, கம்யூனிச எதிர்ப்பில் ஆர்வமுள்ள முதலாளிகள் என்று போன தடம், சிஐஏவின் முகமூடியாக இருந்த ஃபார்ஃபீல்டு அறக்கட்டளையையும் தொட்டது. கருத்து வேண்டாம், கண்ணால் கண்டதை எழுது என்று பட்டறைகள் சொல்லிக்கொடுத்ததற்கும் இந்த அரசியலுக்கும் உறவு உண்டு என்பது அவருடைய வாதம். அதை முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சிஐஏ இல்லாவிட்டாலும் செகாவ் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருப்பார். ஆனால் எழுத்தாளனின் இரண்டு வருடச் சோற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கணக்கு இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

இரண்டு தமிழர்கள்

எங்கிளின் இன்னொரு பிள்ளை சர்வதேச எழுத்தாளர் திட்டம். 1967இல் அவரும் ஹுவாலிங் நியெவும் சேர்ந்து தொடங்கியது. சீனாவில் பிறந்து, தைவானுக்குப் பெயர்ந்து, அங்கே அவர் வேலைபார்த்த பத்திரிகையை அரசு மூடிய பிறகு அமெரிக்கா வந்த நாவலாசிரியர் நியெ. 1971இல் எங்கிளை மணந்தார். 2024இல், 99 வயதில் காலமானார். இந்தத் திட்டத்தில் பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களைப் பல நாடுகளிலிருந்தும் அழைத்துச் சில மாதம் தங்கவைப்பார்கள். இதுவரை 1,600 பேருக்கு மேல் வந்துபோயிருக்கிறார்கள். ஓரான் பாமுக், மோ யான், ஹான் காங் என்று பின்னாளில் நோபல் வாங்கிய மூவர் அதில் உண்டு.

1973இல் அப்படிப் போனவர் அசோகமித்திரன். கார்வரும் சீவரும் மதுக்கடைக்குப் போய்வந்துகொண்டிருந்த அதே ஆண்டு, அதே ஊர். சென்னையிலிருந்து நாற்பதைத் தாண்டிய வயதில் போன அவருக்கு அயோவா கொடுத்த நாவல் 'ஒற்றன்!'. இலக்கியம் எப்படி எழுதுவது என்ற உபதேசத்தை அதில் தேடினால் ஏமாற்றம்தான். குளிர், சாப்பாடு, ஒரே கட்டடத்தில் மாட்டிக்கொண்ட பல தேசத்து எழுத்தாளர்கள், அவர்களுடைய கோணங்கித்தனங்கள், தனிமை. உலக இலக்கியவாதிகளின் கூட்டத்தை, தி.நகர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பார்ப்பதுபோலவே அவர் பார்த்தார். ஒருவேளை அந்தத் திட்டம் நிறைவேறிய மிக நல்ல தருணங்களில் ஒன்று அதுவாக இருக்கலாம். யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் சொந்த இடத்திலிருந்து அவரைப் பிடுங்கி, சும்மா இருக்கவிட்டார்கள்.

இன்னொருவர் வி.வி. கணேசானந்தன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். ஹார்வர்டில் எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்டிடம் படித்த காலத்தில் வேர்விட்ட நாவல் 2008இல் வெளியானது. 2005இல் அயோவாவில் பட்டம். இரண்டாவது நாவலுக்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். 1980களின் யாழ்ப்பாணம், டாக்டராக வேண்டும் என்று படிக்கும் சசி என்ற பெண், அவளுடைய அண்ணன் தம்பிகளை ஒவ்வொருவராகக் கொண்டுபோகும் போர். அரசுப் படைகளின் கொடுமை, இயக்கத்தின் கொடுமை, இந்தியப் படைகளின் கொடுமை என்று எதையும் விடாமல் சொல்லும் அந்த 'பிரதர்லெஸ் நைட்' 2023இல் வந்தது. 2024இல் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசு 30,000 பவுண்டு, வட அமெரிக்காவின் கேரல் ஷீல்ட்ஸ் பரிசு 1,50,000 டாலர் என்று இரண்டையும் ஒரே ஆண்டில் வாங்கியது.

அயோவா இல்லாவிட்டால் அந்த நாவல் வந்திருக்காதா? யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரே புத்தகத்தோடு இருபது ஆண்டு மல்லுக்கட்ட ஒருவருக்குச் சோறு போடும் வேலை வேண்டும். கணேசானந்தன் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து கற்பிக்கிறார். அசோகமித்திரன் தலைமுறைத் தமிழ் எழுத்தாளர்கள் ஜெமினி ஸ்டுடியோவிலும் தபால் ஆபீஸிலும் வங்கியிலும் தேடிய அந்த நிழலை, அமெரிக்க எழுத்தாளர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் கொடுக்கின்றன. பட்டத்தின் உண்மையான பயன் பலருக்கு இதுதான்: இன்னொருவருக்கு அதே பட்டத்தைக் கற்பிக்கும் வேலை. படித்தவர்கள் எண்ணிக்கைக்கு அந்த வேலைகள் போதாது என்பதும், உதவித்தொகை தராத பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்கள் தலைக்கு மேல் கடனோடு வெளியே வருகிறார்கள் என்பதும் விளம்பரங்களில் வராத பகுதி.

நம் பக்கம் இதெல்லாம் இன்னும் ஓரத்தில்தான். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் படைப்பெழுத்துப் பட்டயப் படிப்பை நீண்ட காலமாக நடத்துகிறது. அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் எழுத வகுப்புகள் உண்டு, அதற்கேற்ற கட்டணமும் உண்டு. தமிழ்நாட்டில் பல கல்லூரிகளின் பி.ஏ. தமிழ்ப் பாடத்திட்டத்தில் படைப்பிலக்கியம் ஒரு தாள். மேசை, பிரதி, ஓரக் கிறுக்கல், நாலு வாசகர்கள் எல்லாவற்றையும் இங்கே சிறுபத்திரிகைகளும் டீக்கடைகளும் இலக்கியக் கூட்டங்களும் செலவில்லாமல் பார்த்துக்கொண்டன. மௌன விதியைத் தவிர!

அயோவாவில் இப்போது கவலை வேறு. 2025 தொடக்கத்தில், அமெரிக்க வெளியுறவுத் துறை சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குக் கொடுத்துவந்த மானியத்தை ஒரே கடிதத்தில் ரத்து செய்தது. கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர். தேசிய நலனோடு பொருந்தவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இளம் எழுத்தாளர்களுக்கான கோடை முகாம் நின்றது. இணையவழி வகுப்புகளும் வெளிநாட்டுப் பயணத் திட்டங்களும் நின்றன. எழுத்தாளர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் இலையுதிர்கால முகாமை மட்டும், நன்கொடையாகச் சேர்ந்த பணத்தை வைத்துக் குறைந்த எண்ணிக்கையில் நடத்துவதாக அறிவித்தார்கள். எங்கிள் 1991இல் போலந்துக்குப் புறப்பட்ட வழியில் சிகாகோ விமான நிலையத்திலேயே இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்கள் மறுபடியும் நன்கொடையாளர்களின் கதவைத் தட்டப் போயிருக்கிறார்கள்.